ஐரிஸ் பூவும் கைராசியும்

(வீட்டுத் தோட்டம் குறித்துத் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் ஒரு செடி பட்டுப்போனால் முதல் பழி எதன் மீது விழுகிறது? நட்டவர் கையின் மீதுதான். "உன் கைக்கு ராசி இல்லை. அடுத்த தடவை அண்ணியை நடச் சொல்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்னவர் மறந்துவிடுவார். கேட்டவர் மறப்பதில்லை. அதன்பிறகு அவர் மண்வெட்டியைத் தொடுவதே இல்லை. ஒரு செடி போனது போகட்டும். ஒரு மனிதர் தோட்டத்தை விட்டே விலகிவிடுகிறாரே, அதுதான் உண்மையான இழப்பு.

இப்படிக் கெட்ட பெயர் வாங்கித் தரும் செடிகளில் ஒன்று ஐரிஸ். ஊதா, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பட்டுச்சேலை மடிப்புப் போல இதழ் விரிந்து நிற்கும் பூ. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இணையக் கடையில் கிழங்கோ விதையோ வாங்குகிறார்கள். புதுத் தொட்டி, மூட்டைக் கறுப்பு மண், உரம் என்று ரிங்கிட் கரைகிறது. வாள் போல நாலைந்து இலைகள் எழும்புகின்றன. குடும்பமே பூவுக்குக் காத்திருக்கிறது. டிசம்பர் மழை வருகிறது. இலை அடியோடு சாய்கிறது. மண்ணைக் கிளறினால் கிழங்கு கூழாகி நாற்றமடிக்கிறது. உடனே தீர்ப்பும் வந்துவிடுகிறது: கைராசி இல்லை!

அந்தக் கையின் மீது குற்றம் இல்லை. ஜோகூரின் வெயிலும் மழையும் அந்தச் செடிக்கு ஒத்துவரவில்லை. அவ்வளவுதான். ஆனால் அதே ஐரிஸ் குடும்பத்தில் இந்த வெயிலையும் மழையையும் விரும்பும் சொந்தங்களும் இருக்கின்றன. எது இங்கே வளரும், எது வளராது, வளர்வதை எப்படிப் பேணுவது? இன்றைய உரை இதைப் பற்றியதுதான்.

ஐரிஸ் யார்?

கிரேக்கப் புராணத்தில் வானவில்லின் தேவதைக்கு ஐரிஸ் என்று பெயர். பூவின் நிறங்களைப் பார்த்து அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 300 வகைகள் உண்டு. பெரும்பாலானவை பூமியின் வடபாதியில், குளிர்காலம் உள்ள நாடுகளைச் சேர்ந்தவை. ஓவியர் வான்கோ 1889 மே மாதம், பிரான்சில் மனநல விடுதி ஒன்றில் சேர்ந்த புதிதில், அதன் தோட்டத்தில் கண்ட ஐரிஸ் பூக்களை வரைந்தார். அந்த ஓவியம் 1987இல் 53.9 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. காஷ்மீரில் இந்தச் செடியைக் கல்லறைகளின் மேல் நடும் வழக்கம் இருக்கிறது.

இந்தப் பூ நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குப் பாலில் போட்டுக் கொடுக்கும் குங்குமப்பூ இருக்கிறதே, அதுவும் ஐரிஸ் குடும்பம்தான். காஷ்மீரின் பாம்ப்பூரில் விளைகிறது. ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழைகள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய 150,000 பூக்கள் வேண்டும். ஆலய விழாக்களிலும் திருமண மேடைகளிலும் நீண்ட தண்டோடு நிற்கும் கிளாடியோலஸ் பூவும் இதே குடும்பம்.

ஜோகூரில் ஏன் பூப்பதில்லை?

படத்தில் நாம் மயங்கும் அந்தப் பெரிய பூ, பெரும்பாலும் 'தாடி ஐரிஸ்' எனப்படும் வகை. தொங்கும் இதழின் நடுவே தாடி போல மெல்லிய மயிர் வரிசை இருப்பதால் இந்தப் பெயர். இதன் கிழங்கு இஞ்சி போல மண்ணில் படுத்துக் கிடக்கும். முதுகு வெளியே தெரிய வேண்டும், அதன் மேல் வெயில் பட வேண்டும், கோடையில் காய வேண்டும், குளிர்காலத்தில் சில வாரங்கள் நன்றாகக் குளிர வேண்டும். அந்தக் குளிர்தான் அதற்கு உறக்கம். உறங்கி எழுந்தால்தான் பூ மொட்டு உருவாகும்.

ஜோகூர் பாரு பூமத்தியரேகைக்கு வடக்கே ஒன்றரை பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். வித்தியாசம் சில நிமிடங்களே. இரவிலும் குளிர் என்று சொல்லும் அளவுக்கு வெப்பம் இறங்குவதில்லை. மழையோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். உறங்கவே விடாத வீட்டில் ஒரு குழந்தையின் உடம்பு எப்படித் தேறும்? தாடி ஐரிஸின் நிலையும் அதுதான். அது பூக்காமல் இலையை மட்டும் விட்டுக் களைத்துப்போகிறது. ஈரத்தில் பாக்டீரியா புகுந்து கிழங்கை அழுக வைக்கிறது.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 2012இல் திறக்கப்பட்ட மலர் மாடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். துலிப் போன்ற குளிர்நாட்டுப் பூக்களைக் காட்டுவதற்காக, ஒரு ஹெக்டருக்கு மேற்பட்ட இடத்தைக் கண்ணாடியால் மூடி, இயந்திரம் வைத்துக் குளிரூட்டுகிறார்கள். அத்தனை பெரிய ஏற்பாட்டுக்குள் நடப்பதை ஒரு வரிசை வீட்டு வாசலில், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் எதிர்பார்த்தால் தோற்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? கேமரன் மலையிலிருந்து ஆசையாகச் சுமந்து வரும் செடிகள் கீழே வந்ததும் வாடுவதற்கும் வெப்பமே காரணம்.

இங்கே வளரும் சொந்தங்கள்

முதலாவது, 'நடக்கும் ஐரிஸ்'. மத்திய, தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளிலிருந்து வந்தது. தாவரவியலில் நியோமரிக்கா, டிரிமேசியா என்று எழுதுவார்கள். மூன்று வெள்ளை இதழும் நடுவே நீலச் சுருளும் கொண்ட வகை உண்டு, முழு நீலமும் உண்டு, மஞ்சளும் உண்டு. விசிறி போல விரிந்த இலை, முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும். கைதவறாமல் பிழைக்கக் கூடியது மஞ்சள் வகை. புதிதாகத் தொடங்குபவர் அதையே வாங்கலாம்.

இது எப்படி நடக்கிறது? பூ முடிந்ததும் அந்தத் தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி முளைக்கும். அதன் கனம் தாங்காமல் தண்டு வளைந்து மண்ணைத் தொடும். தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும். பிறகு அந்தக் குட்டி வளர்ந்து பூத்து, அதுவும் ஓரடி தள்ளித் தன் பிள்ளையை இறக்கிவிடும். இப்படியே செடி தோட்டத்தில் நடந்து போகிறது.

இரண்டாவது, 'சிறுத்தைப் பூ'. ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளிகள் தெளித்தது போலிருக்கும். இந்தியா, சீனம், ஜப்பான் நாடுகளைச் சேர்ந்தது. வெகுகாலம் பெலம்காண்டா என்ற தனிப் பெயரில் இருந்தது. 2005இல் மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் இதை ஐரிஸ் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆக, அசல் ஐரிஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கும் வழி இருக்கிறது. பூ வாடும்போது துணி பிழிந்தது போல முறுக்கிக்கொள்ளும். காய் வெடித்தால் உள்ளே கறுப்பு மணிகள் கொத்தாக மின்னும். அந்த மணிகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் சில வாரங்களில் முளைக்கும். பூவுக்குப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். இதற்கு நல்ல வெயில் தேவை.

மூன்றாவது, 'பாவாங் டாயாக்'. சபா, சரவாக்கில் நன்கு அறியப்பட்டது. சின்ன வெங்காயம் போன்ற இரத்தச் சிவப்புக் கிழங்கு. மடிப்பு மடிப்பான இலை. சிறு வெள்ளைப் பூ. இதுவும் ஐரிஸ் குடும்பம்தான். இதன் பூ மாலையில் விரியும்.

நடுவது எப்படி?

இடத்திலிருந்து தொடங்குவோம். நடக்கும் ஐரிஸுக்குக் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். பிற்பகல் வெயில் நேராக அடித்தால் இலை நுனி கருகும். கிழக்குப் பார்த்த வாசல், மாமரம் அல்லது கறிவேப்பிலை மர நிழலின் ஓரம், அடுக்குமாடி வீட்டின் நடைபாதை ஓரம் எல்லாம் பொருந்தும். முழு இருட்டில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.

அடுத்து மண். ஜோகூரின் செம்மண் புளிப்புத் தன்மை உள்ளது. பொந்தியான், பத்து பகாட் பக்கம் கரிமண் நிலம், நீர் தேங்கும். புதிய தாமான்களிலோ மேல் மண்ணுக்குக் கீழே சிமெண்டுக் கட்டியும் செங்கல் துண்டும் கிடக்கும். ஆகவே தரையில் நடுவதானால் ஓரடி ஆழம் கொத்திக் கல்லைப் பொறுக்கிவிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி நடுங்கள். தொட்டியானால் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு கருக்கிய உமி அல்லது ஆற்று மணல். அடியில் துளை கட்டாயம் வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

செடியை ஆழமாகப் புதைக்காதீர்கள். வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்கட்டும். விசிறி தொடங்கும் இடம் மண்ணின் மட்டத்தில் இருக்கட்டும். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரையான மழைக்காலத்தில் மழை ஊற்றுவதே போதும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வறட்சி வந்தால் தினமும் காலையில் ஊற்றுங்கள். உரத்தை அளவோடு போடுங்கள். மக்கிய சாணமோ காய்கறிக் கழிவு உரமோ மாதம் ஒரு கைப்பிடி போதும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை செழிக்கும், பூ குறையும்.

இப்போது பலரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நடக்கும் ஐரிஸின் பூந்தண்டு தட்டையாக, இலை போலவே இருக்கும். பூ உதிர்ந்ததும் 'பழைய இலை' என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். அதே இடத்தில் மறுபடி பூக்கும். பிறகு அங்கேதான் குட்டி வரும். சாமிக்குப் பறிப்பதானாலும் பூவை மட்டும் கிள்ளுங்கள். குட்டி விரல் நீளம் வளர்ந்து அடியில் வேர் முனை தெரிந்ததும், பக்கத்தில் ஒரு சிறு தொட்டியை வைத்து, தண்டை வளைத்து, கொண்டை ஊசியால் மண்ணோடு குத்தி வையுங்கள். ஒரு மாதம் அளவில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்து, கையோடு வராவிட்டால் தாய்த் தண்டிலிருந்து வெட்டலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கிய புதரைத் தோண்டிப் பிரித்து நட்டால் பூ குறையாது.

நத்தை ஒரு பெரிய தொல்லை. இரவில் விளக்கு வைத்துப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், ஆப்பிரிக்கப் பெரு நத்தையிடம் மனிதரைத் தாக்கும் புழு இருக்கக்கூடும். உப்பைத் தூவி மண்ணைக் கெடுக்கவும் வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது கொசு. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவின் பிறப்பிடம். முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட வேண்டியதில்லை. 2019இல் மட்டும் மலேசியாவில் 130,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் இறந்தார்கள். தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள். வீட்டில் கொசு வளர விடுவது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அழகுக்கு வைத்த செடி அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலைக் கொண்டு வரக்கூடாது.

இரண்டாவது, வசம்பு. 'பேர் சொல்லாதது' என்று பாட்டிமார்கள் சொல்லும் அந்த வசம்பின் இலையும் கிழங்கும் ஐரிஸைப் போலவே தோற்றமளிக்கும். ஐரோப்பாவின் மஞ்சள் ஐரிஸுக்குத் தாவரவியலார் வைத்த பெயரின் பொருளே 'போலி வசம்பு' என்பதுதான்! ஐரிஸ் கிழங்கைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்; சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். கொல்லையில் இரண்டும் பக்கத்தில் இருந்தால் இழைத்துக் கொடுக்கும் கை ஏமாறலாம். இரண்டையும் தூரத் தூர நடுங்கள். பெயர் எழுதிய குச்சி ஒன்றைச் செருகி வையுங்கள். வசம்பையேகூட மருத்துவரைக் கேட்காமல் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, எல்லை தாண்டிய செடி. வெளிநாட்டுக் கிழங்கையோ விதையையோ அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டு வருவது தவறு. சிங்கப்பூரிலிருந்து கைப்பையில் ஒரு கன்று எடுத்து வந்தாலும் இதே விதிதான். நுழைவாயில்களில் இதைக் கண்காணிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி மண்ணோடு வந்தால் ஓர் ஊரின் பயிரையே கெடுத்துவிடும். இணையத்தில் வானவில் நிறத்தில் காட்டப்படும் ஐரிஸ் விதைப் படங்களையும் நம்பிவிடாதீர்கள். வேண்டாத செடியைக் கால்வாயிலோ ஆற்றோரத்திலோ வீசவும் வேண்டாம். நீரோட்டத்தில் போய் வேர் பிடித்தால் அங்குள்ள இயற்கைச் செடிகளை நெருக்கிவிடும்.

பூவை யார் பார்ப்பது?

நடக்கும் ஐரிஸ் பூ ஒரே ஒரு நாள்தான் வாழும். காலையில் விரியும், பிற்பகலில் சுருங்கும். ஜோகூரிலோ எத்தனையோ பேர் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். தண்ணீர் ஊற்றியவர் பூவைப் பார்க்காமலே வாரங்கள் கழிந்துவிடும்.

ஆனால் வீட்டில் யாரோ ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது வயதான தாயாராக இருக்கும். குளுவாங்கிலோ லாபிஸிலோ தோட்டத்து லயத்தில் வாழ்ந்தபோது அவர் வீட்டைச் சுற்றி முருங்கையும் செம்பருத்தியும் கனகாம்பரமும் வளர்த்தவர். தோட்டம் போய், லயம் போய், பிள்ளைகளோடு தாமானுக்கு வந்தபின் அவருக்கு மிஞ்சியது கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைதான். அந்தத் தரையில் நான்கு தொட்டிகள் வைத்துக் கொடுத்தால் அவர் காலையில் எழுந்து வெளியே வர ஒரு காரணம் கிடைக்கும். அக்கம்பக்கத்தார் நின்று பேச ஒரு காரணம் கிடைக்கும். மொட்டு பருத்திருந்தால் மறுநாள் பூ என்று அவர் முந்திய இரவே சொல்லிவிடுவார். 2025 ஜனவரி முதல் ஜோகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு காலைகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாட்டியோடு நின்று பார்க்கலாம். மாலையில்தான் வீடு திரும்ப முடியும் என்பவர் ஒரு தொட்டியில் பாவாங் டாயாக் வையுங்கள். அது உங்கள் நேரத்துக்குப் பூக்கும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சில் மறுபடியும் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்களில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட நாளில் ஒரு வீட்டுத் தோட்டமே அழிந்துபோகலாம். ஆனால் ஒரு குட்டிச் செடியை முன்பே அடுத்த தெருவுக்குக் கொடுத்திருந்தால், அந்த வீட்டிலிருந்து அது திரும்பி வரும். "அக்கா, நீங்கள் கொடுத்த செடிதான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு குரல் வாசலில் கேட்கும். கடையில் வாங்கிய தொட்டியில் அந்தக் குரல் கிடைக்காது.

ஆகவே, 'கைராசி இல்லை' என்ற சொல்லை யார் மீதும் போடாதீர்கள். செடி வாடினால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த ஊர்ச் செடி? தண்ணீர் வடிகிறதா? வெயில் எத்தனை மணி நேரம்? பதில் தெரிந்துவிட்டால், போன தடவை தோற்ற அதே கையே இந்தத் தடவை நடட்டும்.